தூண்கள் விலகி நின்ற வீடு

வில்லா சவோய் என்ற வீட்டின் தரைத்தள வரைபடத்தில் சுவர்களையும் கண்ணாடியையும் மறைத்துவிட்டுத் தூண்களை மட்டும் புள்ளிகளாகக் குறித்துப் பார்த்தால், ஓர் எளிய கட்டம் கிடைக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். வரிசைக்கு ஐந்து தூண்கள், அப்படி ஐந்து வரிசைகள், தூணுக்கும் தூணுக்கும் இடையே 4.75 மீட்டர், கட்டடக்கலை வகுப்புகளில் இந்த வீடு பெரும்பாலும் அப்படித்தான் விளக்கப்படுகிறது. வரைபடத்தில் அந்த ஒழுங்கு வெளிவிளிம்புத் தூண்களில் மட்டுமே முழுமையாக இருக்கிறது. உள்ளே போகப் போகத் தூண்கள் தம் இடத்தைவிட்டு விலகுகின்றன. நடு வரிசையில் ஒற்றைத் தூண் நிற்க வேண்டிய இடத்தில் அது இரண்டாகப் பிரிந்து, நடுவில் வழிவிட்டு இருபுறமும் நிற்கிறது. கார் நிறுத்துமிடத்தில் சில தூண்கள் பக்கவாட்டில் நகர்ந்திருக்கின்றன. மேல்தளத்தில் சில சுவருக்குள் மறைந்துவிடுகின்றன. இருபதாம் நூற்றாண்டில் மிகத் தெளிவான விதிகளை எழுதி வெளியிட்ட கட்டடக்கலைஞரான லெ கொர்பூசியே, அந்த விதிகளுக்கு முன்மாதிரி என்று உலகம் கொண்டாடும் வீட்டிலேயே அவற்றை இப்படி வளைத்திருக்கிறார் என்பதுதான் என்னை இந்த வீட்டின் பக்கம் திரும்பத் திரும்ப இழுக்கிறது.

பாரிஸ் நகரிலிருந்து மேற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், செயின் நதிக்கரையில் உள்ள புவாஸி என்ற ஊரில் இந்த வீடு இருக்கிறது. காப்பீட்டுத் தொழில் செய்து வசதியாக வாழ்ந்த பியேர் சவோய், அவர் மனைவி யூஜெனி ஆகியோருக்காக லெ கொர்பூசியேயும் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியேர் ழான்னெரேயும் 1928இல் இதை வரையத் தொடங்கினார்கள். கட்டுமானம் 1929இல் தொடங்கி 1931இல் முடிந்தது. லெ கொர்பூசியே என்பது அவரே வைத்துக்கொண்ட பெயர். சார்ல் எதுவார் ழான்னெரே என்ற இயற்பெயருடன் 1887இல் ஸ்விட்சர்லாந்தின் கடிகாரத் தொழில் ஊரான லா ஷோ த ஃபோன் என்ற இடத்தில் பிறந்தவர் அவர். வார இறுதிகளில் பாரிசிலிருந்து காரில் வந்து தங்குவதற்கு ஒரு வீடு வேண்டும் என்பதுதான் சவோய் தம்பதியின் தேவை. நான்கு பக்கமும் மரங்கள் சூழ்ந்த, நடுவில் மெல்லக் குவிந்த ஒரு புல்வெளி அவர்களிடம் இருந்தது. இது போன்ற தடையற்ற மனையும் செலவழிக்கும் மனமுள்ள உரிமையாளரும் ஒரு கட்டடக்கலைஞருக்கு வாழ்நாளில் எப்போதாவதுதான் சேர்ந்து கிடைப்பார்கள்.

இந்த வீட்டைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் ஐந்து கோட்பாடுகளைச் சொல்வார்கள். 1927இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் வைசன்ஹோஃப் குடியிருப்புக் கண்காட்சி நடந்தபோது லெ கொர்பூசியேயும் ழான்னெரேயும் அவற்றை வெளியிட்டார்கள். வீட்டைத் தரையிலிருந்து உயர்த்தும் தூண்கள், கூரைத் தோட்டம், தூண்களுக்குக் கட்டுப்படாத தளவமைப்பு, பக்கவாட்டில் நீண்டு ஓடும் பட்டைச் சன்னல், பாரம் சுமக்காததால் விரும்பியபடி அமைக்கத்தக்க முகப்பு ஆகியவை அந்த ஐந்து. ஐந்து என்று எண்ணிப் படிக்கும்போது இவை தனித்தனி யோசனைகள் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. உண்மையில் இவை ஒரே முடிவின் ஐந்து விளைவுகள்: சுவரின் தோளிலிருந்து பாரத்தை இறக்கித் தூணின் மேல் வைப்பது. 1914ஆம் ஆண்டிலேயே, போரில் இடிந்த ஊர்களை விரைவாகக் கட்டியெழுப்பும் வழியாக, ஆறு தூண்களும் மூன்று தளங்களும் ஒரு படிக்கட்டும் மட்டும் கொண்ட தொம்-இனோ என்ற கான்கிரீட் சட்டகத்தை அவர் வரைந்துவிட்டார். அந்தப் படத்தில் சுவரே இல்லை. சுவர் இல்லாமலே வீடு நிற்கும் என்று ஆகிவிட்டால், தரைத்தளத்தைத் திறந்து விடலாம், அறைகளைப் பிரிக்கும் தடுப்புகளை மேல்தளத்தில் ஒருவிதமாகவும் கீழ்த்தளத்தில் வேறுவிதமாகவும் வைக்கலாம், சன்னலை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை அறுபடாமல் இழுக்கலாம். இன்று தமிழ்நாட்டில் எந்தத் தெருவில் வீடு கட்டினாலும் முதலில் தூண்களை எழுப்பி, தளம் போட்டு, பிறகுதான் இடையே செங்கல்லை அடுக்குகிறார்கள். தரைத்தளத்தைத் தூண்களுடன் காருக்கு விட்டுவிட்டு மேலே குடியேறும் அடுக்குமாடிகளும் நமக்குப் பழகிவிட்டன. ஆகவே அந்தச் சட்டகம் அன்று எவ்வளவு புதிதாகத் தோன்றியிருக்கும் என்பதை உணர நாம் சற்று முயற்சி செய்ய வேண்டியிருக்கிறது.

ஆனால் சட்டகம் ஒரு வசதி மட்டும்தான். அந்த வசதியை எதற்காகப் பயன்படுத்துவது என்ற கேள்விக்கு ஐந்து கோட்பாடுகளில் விடை இல்லை. விடை வீட்டுக்குள் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள, அந்த வீட்டுக்குள் எப்படிப் போகிறோம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சாலைப் பக்கத்திலிருந்து காரில் வருபவரின் கண்ணுக்குப் படுவது வீட்டின் பின்புறம்தான். பின்புறம் என்று சொல்வதும் சரியில்லை. நான்கு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் எது முன், எது பின் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. கார் நிற்பதில்லை. மெல்லிய தூண்களுக்கும் உள்ளடங்கிய தரைத்தளச் சுவருக்கும் இடையே நுழைந்து, வீட்டின் அடியிலேயே ஓடி, மறுபக்கத்தில் அரைவட்டமாக வளைகிறது. அந்த வளைவின் நடுவில்தான் வாசற்கதவு. அங்கே வீட்டுக்காரர் இறங்கிக்கொள்ள, கார் தொடர்ந்து வளைந்து, மூன்று கார்கள் சாய்வாக நிற்கும் நிறுத்துமிடத்துக்குள் போய்விடுகிறது. தரைத்தளத்தின் கண்ணாடிச் சுவர் அரைவட்டமாக இருப்பது அழகுக்காக எடுத்த முடிவு அல்ல. அன்றைய கார் ஒன்று திரும்புவதற்குத் தேவைப்பட்ட வளைவு அது. மேலே சதுரமாகத் தெரியும் வெள்ளைப் பெட்டியின் அளவுக்கும் அதுவே அடிப்படை. காரின் பாதை கீழே வளைவைத் தீர்மானித்தது, வளைவும் அதைச் சுற்றிய தூண்களும் மேலே பெட்டியின் விரிவைத் தீர்மானித்தன. நான்கு இடைவெளிகள் சேர்ந்து 19 மீட்டர். ஒரு திசையில் மட்டும் தளம் இரு முனைகளிலும் தூண்களுக்கு வெளியே 1.25 மீட்டர் துருத்தி நிற்பதால் அந்தத் திசையில் 21.5 மீட்டர். சதுரம் என்று தோன்றும் வீடு உண்மையில் சதுரம் அல்ல.

இங்கே ஒரு சந்தேகத்தையும் எழுப்ப வேண்டும். வீடு தரையைத் தொடாமல் நிற்கிறது, புல்வெளி அதன் அடியில் தடையின்றி ஓடுகிறது என்று எழுதுவது வழக்கம். வரைபடம் அப்படிச் சொல்லவில்லை. தரைத்தளத்தின் பெரும்பகுதியைக் கார் நிறுத்துமிடமும், ஓட்டுநரின் இருப்பிடமும், பணியாளர்களின் அறைகளும், துணி துவைக்கும் அறையும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. அந்தச் சுவர்களுக்கு அடர்பச்சை வண்ணம் பூசி, பின்னால் உள்ள மரங்களோடு கலந்துபோகும்படி செய்துவிட்டார்கள். காற்றில் மிதக்கும் பெட்டி என்ற தோற்றத்துக்குத் தூண்கள் எவ்வளவு காரணமோ அவ்வளவுக்கு அந்தப் பச்சை வண்ணமும் காரணம். இதை நான் ஏமாற்று என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த வீட்டில் உழைத்தவர்கள் வாழ்ந்த பகுதிதான் கண்ணுக்குத் தெரியாமல் போகும்படி வண்ணம் தீட்டப்பட்டது என்பதையும், சூரியனும் மொட்டைமாடியும் காற்றும் மேலே இருந்தவர்களுக்கு மட்டுமே என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வளாகத்தின் வாயிலில் தோட்டக்காரருக்கென்று சிறிய வீடு ஒன்றும் லெ கொர்பூசியே கட்டினார். குறைந்த இடத்தில் ஒரு குடும்பம் கண்ணியமாக வாழ முடியுமா என்ற கேள்வி அந்த ஆண்டுகளில் ஐரோப்பிய நவீனக் கட்டடக்கலைஞர்களிடையே தீவிரமாக விவாதிக்கப்பட்டது. அந்தச் சிறிய வீடு அந்தக் கேள்விக்கான அவருடைய விடைகளுள் ஒன்று. வருகிறவர்களில் பலர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போகிறார்கள். அது வருத்தமான விஷயம்.

வாசற்கதவைத் திறந்ததும் எதிரே தெரிவது சாய்தளம். வீட்டின் சரியான நடுவில், கதவிலிருந்து நேராக, மெல்லிய சரிவில் மேலேறிப் போகிறது. சாய்தளத்துக்கு இடப்பக்கத்தில் சுருண்டு ஏறும் படிக்கட்டு ஒன்றும் இருக்கிறது. அருகில் யாரும் எதிர்பார்க்காத வகையில் ஒரு கைகழுவும் தொட்டி, குளியலறையில் இருக்க வேண்டியது, வரவேற்புக்கூடத்தின் நடுவில் தனியாக நிற்கிறது. ஊரிலிருந்து தூசியோடு வருகிறவர் முதலில் கைகழுவட்டும் என்பதுதான் அதன் பொருள் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். வாசலில் தண்ணீர் வைத்துக் கால் கழுவிவிட்டு வரச்சொல்லும் வீடுகளில் வளர்ந்த எனக்கு அந்த இடத்தில் எந்த வியப்பும் ஏற்படவில்லை.

இப்போது தூண்களின் சிக்கலுக்கு வரலாம். வரிசைக்கு ஐந்து என்பது ஒற்றைப்படை எண். ஒற்றைப்படை எண்ணில் தூண்களை நிறுத்தினால், வீட்டின் நடுக்கோட்டில் ஒரு தூண் வரிசை வந்தே தீரும். அதே நடுக்கோட்டில் சாய்தளத்தையும் வைத்தால், இரண்டும் மோதிக்கொள்ளும். கோட்பாட்டைப் பிடித்துக்கொள்பவர் சாய்தளத்தை ஓரத்துக்கு நகர்த்தியிருப்பார். அல்லது தூண்களின் எண்ணிக்கையை இரட்டைப்படையாக்கி நடுவில் ஓர் இடைவெளியை உண்டாக்கியிருப்பார். லெ கொர்பூசியே இரண்டையும் செய்யவில்லை. வெளியிலிருந்து பார்க்கும்போது முகப்பின் நடுவில் ஒரு தூண் நிற்க வேண்டும், உள்ளே நுழைந்ததும் நடுவில் நடக்கும் வழி திறக்க வேண்டும் என்று இரண்டையுமே வேண்டி, உள்தூண்களைப் பிளந்து சாய்தளத்தின் இருபுறமும் நிறுத்தினார். கட்டம் வெளியே ஒழுங்காகவும் உள்ளே நெகிழ்ந்தும் இருப்பதற்குக் காரணம் இதுதான். தூண்களுக்கு அடங்காத தளவமைப்பு என்ற கோட்பாட்டைச் சுவர்கள் தூண்களைப் பொருட்படுத்தாமல் ஓடலாம் என்றுதான் பொதுவாகப் புரிந்துகொள்கிறோம். இந்த வீட்டில் அவர் அதைவிட ஒரு படி மேலே போனார்: நடக்கும் மனிதனுக்காகத் தூண்களே நகர்ந்தன. என்னைப் பொறுத்தவரை இந்த வீட்டின் முதல் கோட்பாடு அந்த ஐந்தில் எதுவுமல்ல. உடல் போகும் வழியே முதன்மையானது, மற்றவை அனைத்தும் அதற்கு இடம்விட வேண்டும் என்பதுதான் அது. அவர் அதைக் கட்டடக்கலை உலா என்று அழைத்தார்.

அரபுக் கட்டடக்கலை நடந்து பார்ப்பதால்தான் விளங்குகிறது, நடந்து நகரும்போதுதான் அதன் ஒழுங்கு கண்முன் விரிகிறது என்று அவர் இந்த வீட்டை விளக்கும்போது எழுதினார். இளமையில், 1911இல், இஸ்தான்புல்லுக்கும் ஏதென்ஸுக்கும் பயணம் செய்து அக்ரோபோலிஸ் குன்றில் பல நாட்களைக் கழித்தவர் அவர். ஒரு கட்டடத்தை முகப்பாகப் பார்க்காமல், ஏறி, திரும்பி, மறைந்து, மீண்டும் வெளிப்படும் தொடர் அனுபவமாகப் பார்க்கும் பழக்கம் அங்கே வேரூன்றியிருக்கலாம் என்று நினைக்கிறேன்.

படிக்கட்டு ஒரு தளத்தை மற்றொரு தளத்திலிருந்து பிரிக்கிறது, சாய்தளம் அவற்றை இணைக்கிறது என்பது அவருடைய வாதம். படி ஏறும்போது கண் காலடியிலேயே இருக்கும். அடுத்த படி எங்கே என்ற கவனம் நம்மை விடுவதில்லை. சாய்தளத்தில் கால் தானாகப் போகிறது, பார்வை விடுதலை பெறுகிறது. புவாஸியில் அந்தச் சரிவில் ஏறியபோது நான் கவனித்தது, ஒவ்வோர் அடியிலும் தரை சிறிதளவு மட்டுமே உயர்வதால், பக்கத்தில் உள்ள முக்கோணக் கண்ணாடிகள் வழியே தெரியும் மொட்டைமாடி திடீரென்று வந்து நிற்காமல் மெல்ல எழுந்து வந்தது என்பதுதான். பாதியில் திரும்பும்போது வந்த வழி முழுவதும் கீழே தெரிகிறது. அந்தத் திருப்பத்தில் ஒரு சிறுவன் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தான். அவனைத் தடுக்க யாருக்கும் தோன்றவில்லை, அந்த இடத்தை அவன் எங்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தான்.

சுருள் படிக்கட்டு நிலவறையிலிருந்து கூரைவரை செங்குத்தாக ஏறுகிறது. அது குறுக்குவழி, வேலை செய்பவரின் வழி. ஒரே வீட்டில் இரண்டு விதமான நேரங்களை, விரைவாகப் போகவேண்டியவரின் நேரத்தையும் மெல்ல நடக்கக்கூடியவரின் நேரத்தையும், இரண்டு வடிவங்களாக அருகருகே வைத்திருக்கிறார்.

முதல் தளத்தில்தான் குடும்பம் வாழ்ந்தது. இங்கே மனை வைத்த ஒரு முரணை அவர் தீர்க்க வேண்டியிருந்தது. அழகான காட்சி, செயின் நதியின் பள்ளத்தாக்கு, வடக்குப் பக்கம் இருந்தது. வெயில் தெற்கிலிருந்து வந்தது. பிரான்ஸின் குளிரில் வெயிலை இழக்க யாருக்கும் மனம் வராது. காட்சியை நோக்கி அறையைத் திருப்பினால் அறை குளிரும். வெயிலை நோக்கித் திருப்பினால் காட்சி போய்விடும். அவர் வீட்டின் நடுவிலேயே ஒரு பெரிய திறந்த மாடியை வெட்டியெடுத்து, வரவேற்பறையைக் காட்சிப் பக்கம் வைத்து, அந்த அறைக்கும் மாடிக்கும் இடையே தரையிலிருந்து கூரைவரை ஒரே கண்ணாடிச் சுவரை நிறுத்தினார். அந்தப் பெரிய கண்ணாடியின் ஒரு பகுதி கைப்பிடியைச் சுழற்றினால் பக்கவாட்டில் நகர்ந்து திறக்கும். வெயில் மாடியில் இறங்கி, கண்ணாடி வழியாக அறையின் முதுகுப் பக்கத்திலிருந்து உள்ளே வருகிறது. எதிர்ப்பக்கத்தில் நீண்ட சன்னல் காட்சியைத் தருகிறது. ஐந்து கோட்பாடுகளை மட்டும் வைத்து யோசித்தால் கிடைக்காத தீர்வு இது. வெயில் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தவருக்கே இது தோன்றும். நம்முடைய முற்றத்தை நினைவுபடுத்துகிறது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் முற்றம் வெயிலிலிருந்து வீட்டைக் காப்பது, இந்த மாடி வெயிலைப் பிடித்து வைப்பது, ஆகவே இரண்டையும் ஒன்றாக்குவது சரியாகாது.

பட்டைச் சன்னல் வீட்டின் நான்கு பக்கமும் சுற்றி ஓடுகிறது. மாடி இருக்கும் பகுதியில் அதில் கண்ணாடி கிடையாது, வெறும் திறப்பு மட்டுமே. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எந்தப் பகுதி அறை, எந்தப் பகுதி வானத்துக்குத் திறந்தது என்று தெரியாது. உள்ளே மாடியில் அமர்ந்திருப்பவருக்கோ, கூரை இல்லாத ஓர் அறையில், சன்னல் வழியே மரங்களைப் பார்த்தபடி இருக்கும் உணர்வு கிடைக்கிறது. முகப்பு பாரம் சுமக்காதது என்ற கோட்பாட்டை இதைவிட நயமாக யாரும் பயன்படுத்தியதாக எனக்குத் தெரியவில்லை. சன்னலின் உயரமும் கவனித்துப் பார்க்கத்தக்கது. நிற்பவருக்கும் உட்காருபவருக்கும் தொடுவானமும் மரங்களின் உச்சியும் தெரிய, அருகில் உள்ள தரை தெரியாது. அதனால்தான் வீட்டுக்குள் இருக்கும்போது உண்மையிலேயே மிதப்பதுபோல் இருக்கிறது. அந்த மிதப்பு தூண்களால் வருவதைவிடச் சன்னலின் அடிவிளிம்பால் அதிகம் வருகிறது.

வெள்ளை வீடு என்று புகைப்படங்கள் பழக்கிவிட்டதால், உள்ளே இளஞ்சிவப்பும் நீலமுமாகச் சில சுவர்கள் இருப்பது பலரை வியக்க வைக்கிறது. சவோய் தம்பதியின் படுக்கையறையோடு ஒட்டிய குளியலறை நேராகப் படுக்கையறைக்குள் திறந்திருக்கிறது. இடையே திரைச்சீலை மட்டும்தான். நீல நிறச் சிறு ஓடுகள் பதித்த தொட்டி, அதன் விளிம்பில் சாய்ந்து படுத்தால் முதுகின் வளைவுக்குப் பொருந்தும்படி சாம்பல் நிற ஓடுகளால் கட்டிய சாய்மேடை, மேலே கூரைச் சன்னலிலிருந்து இறங்கும் ஒளி. குளிப்பதை மறைவான வேலையாகக் கருதாமல் ஓய்வாகக் கருதிய ஓர் அறை இது. வீட்டின் மற்ற பகுதிகளைக் கணக்கும் கட்டமும் ஆண்டாலும், இங்கே ஓர் உடலின் அளவு ஆண்டிருக்கிறது.

சாய்தளம் இப்போது வெளிக்கு வந்து, மாடியிலிருந்து கூரைக்கு ஏறுகிறது. மேலே வெயில் காயும் இடம். அதைச் சுற்றிக் காற்றைத் தடுக்கும் வளைந்த சுவர்கள். தொலைவிலிருந்து பார்க்கும்போது பெட்டியின் மேல் வைத்த சிற்பம்போல் தெரியும் அந்த வளைவுகளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1928இல் வரைந்த முதல் திட்டத்தில் சவோய் தம்பதியின் படுக்கையறை கூரைமேல்தான் இருந்தது. அதன் சுவர்களே அந்த வளைவுகள். செலவு கூடிவிட்டதால் திட்டம் சுருக்கப்பட்டு, வேறு வடிவங்கள் முயலப்பட்டு, இறுதியில் முதல் யோசனைக்கே ஏறக்குறையத் திரும்பியபோது, படுக்கையறை முதல் தளத்துக்கு இறங்கிவிட்டது. அறை போனபின்னும் சுவர் தங்கிவிட்டது. பயன்பாட்டிலிருந்தே வடிவம் பிறக்கிறது என்று நம்புகிறவருக்கு இது சங்கடமான செய்தி. ஆனால் அந்தச் சுவர்கள் இல்லாமல் அந்த உலா எங்கே முடியும் என்று யோசித்துப் பார்த்தால், அவர் ஏன் அவற்றை விட மனம் வராமல் வைத்துக்கொண்டார் என்பது புரிகிறது. சாய்தளத்தின் கடைசி நீட்சியில் ஏறும்போது, எதிரே அந்தச் சுவரில் வெட்டிய ஒரு செவ்வகத் திறப்பு மட்டும் கண்ணில் நிற்கிறது. அதன் கீழே ஒரு கான்கிரீட் மேசை. வாசலில் தொடங்கிய நடை அந்தத் திறப்பில் வந்து முடிகிறது. அன்று அது பள்ளத்தாக்கை நோக்கித் திறந்தது. இன்று பெரும்பாலும் மரங்களையே காட்டுகிறது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, அந்த வீடு ஒழுகியது என்பதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. யூஜெனி சவோயின் கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. கூரைச் சன்னலின்மேல் மழை விழும் ஓசையில் தூங்க முடியவில்லை என்று தொடக்கத்திலேயே எழுதினார். 1936இல், கூடத்தில் மழை பெய்கிறது, சாய்தளத்தில் மழை பெய்கிறது, கார் நிறுத்துமிடத்தின் சுவர் முழுவதும் ஊறிவிட்டது என்று எழுதினார். 1937இல், வீடு குடியிருக்கத் தகுதியற்றது, உடனே சரிசெய்யாவிட்டால் வழக்குத் தொடர நேரும் என்று எழுதினார். தட்டைக் கூரை, சுவருக்கு வெளியே நீளும் இறவாரம் இல்லாத முகப்பு, பல இடங்களில் கூரையைத் துளைத்து வைத்த சன்னல்கள், இவை மூன்றும் சேர்ந்தால் தண்ணீர் எங்காவது வழி கண்டுபிடித்துவிடும். வீடு பளபளப்பான ஒற்றைக் கான்கிரீட் வார்ப்பு போலத் தோன்றினாலும், கான்கிரீட்டாக இருந்தவை தூண்களும் தளங்களும்தான். இடையில் கட்டி நிரப்பிய சுவர்களின்மேல் பூச்சுப் பூசி வெள்ளையடித்திருந்தார்கள். வெயிலிலும் குளிரிலும் இந்த இரண்டு பொருள்களும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்க, பூச்சு வெடிப்பதைத் தவிர்ப்பது கடினம்.

இதில் என்னை வருத்துவது, இதற்கான மருந்து அவருடைய கோட்பாட்டிலேயே இருந்தது என்பதுதான். கூரைத் தோட்டம் வேண்டும் என்று அவர் 1927இல் சொன்ன காரணங்களுள் அழகு மட்டும் இல்லை. கான்கிரீட் கூரை வெப்பமாறுதலால் விரிசல் விடும், ஆகவே மேலே மணலும் கற்பலகைகளும் புல்லும் வைத்து அதை எப்போதும் ஈரத்தோடும் ஒரே வெப்பத்தோடும் காக்க வேண்டும் என்பது அவருடைய தொழில்நுட்ப வாதம். புவாஸியின் கூரையிலும் மாடியிலும் தோட்டம் என்று பார்த்தால் செடித் தொட்டிகளே முதன்மையாகத் தெரிகின்றன. பெரும்பகுதி வெறும் தளமாகவே இருக்கிறது. உலாவுக்காக மற்றக் கோட்பாடுகளை வளைத்ததை நான் மனமாரப் பாராட்டுகிறேன். கூரைத் தோட்டத்தை மெலியவிட்டதை அப்படிப் பாராட்ட முடியாது. அதன் விலையை ஈரப்படுக்கையிலும் குளிர்ந்த அறைகளிலும் அந்தக் குடும்பம் கொடுத்தது. பெரிய கலைப்படைப்பு என்பதால் இந்தக் குறை சிறிதாகிவிடாது.

1940இல் சவோய் குடும்பம் வீட்டைவிட்டு வெளியேறியது. போர்க்காலத்தில் முதலில் ஜெர்மன் படையினரும் பிறகு அமெரிக்கப் படையினரும் அதில் தங்கினார்கள். பின்னர் வைக்கோல் அடைக்கும் இடமாகவும் அது பயன்பட்டது. 1958இல் புவாஸி நகர நிர்வாகம் இடத்தைக் கையகப்படுத்தியது; பள்ளிக்கூடம் கட்டுவதற்காக வீட்டை இடிக்கும் திட்டம் எழுந்தபோது பல நாடுகளிலிருந்து எதிர்ப்புக் குரல்கள் வந்தன. பள்ளி அருகிலேயே கட்டப்பட்டது, வீடு தப்பியது. லெ கொர்பூசியே 1965 ஆகஸ்ட் 27 அன்று கடலில் நீந்தும்போது இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் வீடு வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1985 முதல் 1997 வரை விரிவாகப் புதுப்பித்தார்கள். 2016இல் ஏழு நாடுகளில் உள்ள அவருடைய 17 படைப்புகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றபோது, இந்த வீடும் சட்டமன்றம், தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம் ஆகியவை அடங்கிய சண்டிகரின் கேப்பிட்டல் வளாகமும் ஒரே பட்டியலில் இடம்பெற்றன.

1929இல் புவனஸ் ஐரிஸ் நகரில் பேசும்போது, இதே வீட்டை அர்ஜென்டினாவின் நாட்டுப்புறத்தில் இருபது முறை கட்டலாம், உயர்ந்த புல்லின் நடுவே இருபது வீடுகள் நிற்கும், மாடுகள் மேய்ந்துகொண்டிருக்கும் என்று அவர் சொன்னார். ஒரு வீட்டை எங்கே வைத்தாலும் பொருந்தும் என்ற அந்த நம்பிக்கையை நான் ஏற்கவில்லை. அதற்கு மறுப்பை அவரே இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்தபின் அகமதாபாத்தில் கட்டிவிட்டார்.

அங்கே 1956இல் முடிந்த ஷோதன் இல்லத்தைப் பற்றி, வெப்ப மண்டலத்தில் இந்தியச் சூழலில் அமைந்த சவோய் வீட்டின் நினைவு என்று அவரே எழுதினார். சாய்தளம் அங்கும் இருக்கிறது. ஆனால் பட்டைச் சன்னல் போய்விட்டது. அதன் இடத்தில் ஆழமான கான்கிரீட் அடுக்குகள் வெயிலைத் தடுத்து நிழலை உண்டாக்குகின்றன. கூரைக்கு மேலே குடையாக இன்னொரு கூரை, இரண்டுக்கும் நடுவில் காற்று. வெள்ளைப் பூச்சு இல்லை, பலகை அச்சுகளின் வரி தெரியும் வெறும் கான்கிரீட்தான். சவோய் வீட்டில் வெயிலைப் பிடித்து வைக்க மாடியை வெட்டியவர், இங்கே அதே வெட்டை நிழலுக்கும் காற்றோட்டத்துக்கும் செய்தார். பாரிசில் அவருடைய அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய இந்தியக் கட்டடக்கலைஞர் பாலகிருஷ்ண தோஷி அகமதாபாத் பணிகளை மேற்பார்த்தார்.

அதே நகரில், அதே காலத்தில், மனோரமா சாராபாய்க்காக அவர் கட்டிய வீடு இன்னும் தூரம் போகிறது. அங்கே தரையைவிட்டு உயர்த்தும் தூண்கள் இல்லை. இணையாக நிற்கும் சுவர்கள் மீண்டும் பாரம் சுமக்கின்றன. அவற்றின் மேல் தாழ்வான செங்கல் வளைவுக் கூரைகள் வரிசையாகப் போகின்றன. சுவரின் தோளிலிருந்து இறக்கிய பாரத்தை அவர் முழு மனத்தோடு சுவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். ஐந்து கோட்பாடுகளில் அந்த வீட்டில் முழுமையாக நிற்பது ஒன்றுதான்: கூரைத் தோட்டம். அந்த வளைவுகளின் மேல் உண்மையான மண்ணைக் கொட்டி, உண்மையான புல்லை வளர்த்தார்கள். கீழே அறைகள் குளிர்ந்திருக்கின்றன. கூரையிலிருந்து நீச்சல் குளத்துக்குக் குழந்தைகள் சறுக்கி இறங்க ஒரு சறுக்கும் அவர் கட்டிக் கொடுத்தார்.